சவரியப்பனின் இடது கை

தஞ்சாவூர் கீழவாசலில் சுஹைப் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் சவரியப்பன் பதினொரு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அந்தப் பதினொரு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல இரண்டு வரி டைப் அடித்ததில்லை. வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேனரில் தலைவர்கள் சிரிக்கிறார்கள், குழந்தைகள் காது குத்திக்கொள்கிறார்கள், வயசுப் பெண்கள் மஞ்சள் நீராடுகிறார்கள், இவ்வளவும் எழுத்தோடுதானே வருகிறது என்று கேட்பார்கள். வரும். ஆனால் அந்த எழுத்தெல்லாம் புதிதாக அடித்த எழுத்து இல்லை. ஏற்கெனவே எங்கேயோ குடியிருந்த எழுத்து.

அவன் வேலை செய்கிற விதம் அப்படி. புது பேனர் ஒன்றுக்கு ஆள் வந்தால் பழைய பேனர் ஒன்றைத் திறப்பான். போன மாதக் காதுகுத்திலிருந்து இந்த மாதக் காதுகுத்து பிறக்கும். வளைகாப்பிலிருந்து புதுமனை புகுவிழா பிறக்கும். பெயர் மாறவேண்டுமே என்றால் அதற்கும் வழி வைத்திருந்தான். பஞ்சநதம் என்று போடவேண்டுமானால் வேறொரு பஞ்சநதம் தலைவருக்கு வாழ்த்துச் சொன்ன பேனரைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வெட்டிவந்து இங்கே ஒட்டுவான். அப்படி ஒருத்தர் அகப்படாவிட்டால் ஒரு பேனரிலிருந்து ‘பஞ்ச’வையும் இன்னொரு பேனரிலிருந்து ‘நதம்’மையும் கொண்டுவந்து தைத்துவிடுவான். இவ்வளவு பாடுபடுவதற்கு அடித்தே தொலைக்கலாமே என்று யாராவது கேட்டால் அவனுக்கு ரோஷம் வந்துவிடும். “நான் டிசைனருங்க, டைப்பிஸ்ட் இல்ல” என்பான்.

இதனால் அவனுடைய இரண்டு கைகளும் இரண்டு விதமாக வளர்ந்திருந்தன. வலது கை மவுஸோடு வாழ்ந்தது. இடது கைக்குக் கீபோர்டில் தெரிந்த இடம் ஒரே ஒரு மூலை: கன்ட்ரோல், அதற்குப் பக்கத்தில் ‘சி’, அதற்குப் பக்கத்தில் ‘வி’. எடு, போடு. எடு, போடு. மற்ற பட்டன்கள் எல்லாம் அந்தக் கைக்கு அடுத்த தாலுகா. தவிர்க்கவே முடியாமல் ஒரு எழுத்தை அடிக்கவேண்டி வந்தால் வலது ஆள்காட்டி விரல் மட்டும் கிளம்பிப்போய், பட்டன்மேல் ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, ஒரு குத்துக் குத்தித் திரும்பி வரும்.

பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கும் இளையபெருமாளுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோதுதான் இந்தச் சாமர்த்தியம் முதல்முறையாகச் சந்தி சிரித்தது. மண்டப வாசலில் பத்துக்கு எட்டில் பேனர். மாலையும் கழுத்துமாக இளையபெருமாளும் அவர் மனைவியும். மேலே ‘மணிவிழாக் காணும் எங்கள் அன்புத் தந்தை’. எல்லாம் சரி. அந்த பேனர் எந்த பேனரின் வயிற்றில் பிறந்தது என்பதில்தான் கோளாறு. கீழே ஓரமாக, வாழ்த்துகிறவர்கள் பெயருக்கு அடியில், ‘இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்’ என்று ஒரு வரி அப்படியே தங்கிவிட்டது.

உறவுக்காரர் ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தம்போட்டுப் படித்தாராம். இளையபெருமாள் நல்ல மனுஷர். தாலி கட்டிய கையோடு கடைக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஃப்ளெக்ஸ் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். நாலு மணிக்கு நான் வீட்டுலேருந்து நடந்தே வரணுமா, இல்ல நீங்களே வண்டி ஏதும் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?”

சுஹைப் பாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “டேய் சவரி, ஒழுங்கா டைப் அடிக்கக் கத்துக்கடா. இந்த ஒட்டு வேலையே வேணாம்” என்றார். “சரி பாய்” என்றான் சவரியப்பன். இதே ‘சரி பாயை’ அவன் முன்பும் பலமுறை சொல்லியிருந்தான். அதுவும் ஒட்டிய சரிதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கல்யாணப் பேச்சு வந்துதான் கெடுத்தது.

சவரியப்பனுக்கு வெண்ணாற்றங்கரையில் சொந்த ஊர். அம்மா இருதயம்மாள், மகனுக்கு முப்பத்து மூன்று ஆகிவிட்டதை மாதாவிடம் தினமும் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா கேட்டாளோ என்னவோ, கல்யாணத் தரகர் டேவிட்சன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் யார் வீட்டில் எந்த வயசில் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற ஆள் அவர்.

“கும்பகோணத்துல ஒரு பொண்ணு இருக்கு. பேரு பிரின்ஸி. சொந்தமா தட்டச்சுப் பயிலகம் நடத்துது. தம்பி கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லிட்டேன். ரெண்டும் ஒரே லைன். பொருத்தம்னா இதுதாங்க பொருத்தம்” என்றார்.

“டைப் இன்ஸ்டிடியூட்டா?” என்று சவரியப்பன் லேசாக எச்சில் விழுங்கினான். அம்மா அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு, பெண் பார்க்கப் போனார்கள். கீழே வீடு, மாடியில் பயிலகம். பிரின்ஸி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே ஓடாமல் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். முப்பது வயசு. பேச்சு அடிக்குரலில் நிதானமாக வந்தது. சிரிப்பு மட்டும் உதட்டில் வருவதற்கு முன்னாலேயே கண்ணில் வந்துவிட்டது. சவரியப்பனுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் புத்தி கெட்டது.

“கம்ப்யூட்டர்ல வேலைன்னு அங்கிள் சொன்னாங்க. டைப்பிங் என்ன ஸ்பீடு வரும் உங்களுக்கு?”

“ஸ்பீடா?” என்றான். டேவிட்சன் அவனை ஊக்கமாகப் பார்த்தார். அம்மா பெருமையாகப் பார்த்தாள். “கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேங்க.”

“தம்பி கைவச்சா அருவி மாதிரி கொட்டும்” என்று டேவிட்சன் தன் பங்குக்கு ஒரு வாளி ஊற்றினார்.

பிரின்ஸி எழுந்து உள்ளே போனாள். வெட்கப்பட்டுப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். லேப்டாப்போடு திரும்பி வந்தாள். அதை அவன் முன்னால் வைத்து, தமிழுக்கு மாற்றிக்கொடுத்து, “சும்மா உங்க பேரை மட்டும் அடிங்களேன்” என்றாள்.

சவரியப்பன் குனிந்து பார்த்தான். பட்டன்கள்மேல் ஆங்கில எழுத்துதான் இருந்தது. ஒரு தமிழ் ஸ்டிக்கர்கூட இல்லை.

“இதுல எழுத்தே இல்லீங்களே.”

“கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிறவங்களுக்கு எழுத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

அவன் வலது ஆள்காட்டி விரல் கிளம்பியது. ஒரு பட்டனைக் குத்தியது. ‘ட’ வந்தது. அழித்தான். இன்னொன்றைக் குத்தினான். ‘ண’ வந்தது. வழக்கமாக அடிக்கிற கடைக் கீபோர்டில் ‘ச’ எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்துப் பார்த்தான். கண்ணை மூடியதைப் பார்த்து அம்மா, “ஆரம்பிச்சுட்டான்” என்றாள். காபியில் ஆடை படிந்தது. டேவிட்சன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். திரையில் கடைசியாக மிஞ்சியது ‘சவ’ என்பதுதான். அதற்குமேல் போகாமல் சவரியப்பன் கையை எடுத்துவிட்டான். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்த இருதயம்மாள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசலில் பிரின்ஸி அவனிடம் நேராகப் பேசினாள். “நீங்க என்ன வேலை பாக்குறீங்கங்கிறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா எங்க வீட்ல உக்காந்துக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்னு சொன்னீங்க. சொன்னத உண்மையாக்கிட்டு வாங்க. பாக்காம ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் என் பதிலைச் சொல்றேன்.”

“எங்கங்க போய்க் கத்துக்கிறது?”

“மாடியிலதான் பயிலகம். ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசை முடிஞ்சதும் வாங்க. ஃபீஸ் உண்டு.”

“மாப்பிள்ளைக்கு ஃபீஸாம்மா?” என்று டேவிட்சன் பதறினார்.

“இன்னும் ஆகலியே அங்கிள்.”

பஸ்ஸில் வரும்போது டேவிட்சன் நாட்கணக்கை விளக்கினார். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணம் முடியவேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பீடத்திலிருந்து அறிவிக்கவேண்டும். ஆக, ஜனவரிக் கடைசிக்குள் பெண்ணின் பதில் வந்தாக வேண்டும். “தவறிச்சுன்னா ஈஸ்டருக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் அவங்க அப்பா காத்திருக்க மாட்டாரு. சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருத்தன் அந்தக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறான்” என்றார்.

அந்தச் சிங்கப்பூர்க்காரனை சவரியப்பன் பார்த்ததில்லை. ஆனால் ஐயம்பேட்டை தாண்டுவதற்குள் அவனுக்குப் பத்து விரலும் வேலை செய்யும் என்று தோன்றிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு விஷயம் ஒட்டுப்போடாமல் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு பயிலகத்துக்குப் போனான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மழை பெய்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் அவன் தலை தெரிந்ததும் மழை விட்டது. ‘கண்ணை மூடிக்கிட்டு’ கதை அவனுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. சுவாமிமலையிலிருந்து வரும் வானதி என்கிற பெண், தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “வாங்க சார், விளக்கை வேணா அணைச்சுடட்டுமா?” என்றாள்.

பிரின்ஸி வந்து, பாடத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். “தமிழ் கீபோர்டு ரொம்ப நியாயமானதுங்க. இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய்யெழுத்து. ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கை சும்மா இருந்தா ஒரு வார்த்தையும் வராது. இடது கைய வைங்க பாப்போம். அ, இ, உ.”

சவரியப்பன் இடது கையை வைத்தான். சுண்டு விரல் ‘அ’வில் உட்காரவேண்டும். உட்கார்ந்த மறுகணமே அது கீழே சறுக்கிக் கன்ட்ரோலில் போய்ப் படுத்துக்கொண்டது. எடுத்து வைத்தான். மறுபடி படுத்துக்கொண்டது.

“அது அங்கயே பழகிடுச்சுங்க” என்றான் பரிதாபமாக.

பிரின்ஸி அவனுக்கு ஒரு வரி கொடுத்தாள்: ‘மழை வந்தது, மடை திறந்தது, வயல் நிறைந்தது.’ இதைப் பத்து வரி அடிக்கவேண்டும். சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். சவரியப்பன் முக்கி முனகி ஒரு வரி அடித்தான். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு அவன் இடது கை, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டியது. எடு, போடு, போடு, போடு. கண் இமைப்பதற்குள் பத்து வரியும் நின்றன. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

பிரின்ஸி வந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பரவாயில்லியே. சீக்கிரம் வந்துடுச்சு.”

“பழக்கம்தானுங்க.”

“ஆனா பத்து வரியிலயும் வயல் நிறையல. ‘வயல் நிறந்தது’ன்னு இருக்கு. பத்துலயும் ஒரே இடத்துல ஒரே தப்பு. மனுஷன் தப்புப் பண்ணா மாத்தி மாத்திப் பண்ணுவாங்க. இவ்வளவு ஒழுங்கா யாரும் தப்புப் பண்ண மாட்டாங்க.”

வானதி மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினாள். சிரிப்பை ஒளிக்க இடம் தேடியிருக்கவேண்டும். பிரின்ஸி கோபப்படவில்லை. கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினாள். கீபோர்டின் இடது மூலையில் இருந்த கன்ட்ரோல் பட்டனை நெம்பினாள். ‘டக்’கென்று கழன்று வந்தது. வலது பக்கத்ததையும் நெம்பினாள். இரண்டையும் தன் பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். மவுஸைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“இப்ப அடிங்க.”

வீடு ஒழுகினாலும் ஓடிப்போய் நிற்க ஒரு மூலையாவது இருக்கும். சவரியப்பனின் சுண்டு விரலுக்கு அதுவும் போயிற்று. சறுக்கிப்போய்ப் பார்த்தது, அங்கே குழிதான் இருந்தது. திரும்பி வந்து ‘அ’வில் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அவன் பாடு திண்டாட்டம்தான். ஞாயிறு தவறாமல் கும்பகோணம் பஸ் ஏறினான். மற்ற நாட்களில் கடையில் ஓய்வு கிடைத்தால் அடித்துப் பழகினான். கீபோர்டு இல்லாத இடத்திலும் விரல் சும்மா இருக்கவில்லை. சோற்றுத்தட்டின் ஓரத்தில் ‘மடை’ அடித்தது. பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் ‘வயல்’ அடித்தது. பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது எதிர்ப் பெஞ்சில் இடது கை மட்டும் அ, இ, உ என்று தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இருதயம்மாள் நடுங்கிப்போனாள். பிள்ளைக்கு வாதம் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, பூண்டி மாதா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு எண்ணெய் கொண்டுவந்து, தூங்குகிறவன் கையில் தேய்த்தாள். தூக்கத்திலும் அந்தக் கை அவள் உள்ளங்கையில் எதையோ அடித்தது.

“யம்மா, இது வியாதி இல்லம்மா. பாடம்” என்றான் விழித்துக்கொண்டு.

“எந்தப் பாடம்டா மனுஷனை இப்படி உதற வைக்கும்? அந்தப் பொண்ணு வேணாம்டா சவரி.”

“அந்தப் பொண்ணுதாம்மா வேணும்.”

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். இருதயம்மாள் மிச்ச எண்ணெயை என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, அவன் வலது கையிலும் தேய்த்துவைத்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. பிரின்ஸி வீட்டுக்குக் கேக் வந்த அட்டைப்பெட்டி சும்மா போகவில்லை. அதன் ஒரு பக்கத்தை வெட்டி, கீபோர்டின்மேல் கவிழ்த்தாள். கை உள்ளே, கண் வெளியே. கேக் வாசனைக்கு நடுவில் எழுத்தைத் தேடினான். முதல் வாரம் அடித்ததெல்லாம் எந்த மொழி என்றே தெரியவில்லை. “இதை யாராவது கண்டுபிடிச்சா புதைபொருள்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க” என்றாள் வானதி. இரண்டாம் வாரம் அங்கங்கே தமிழ் தென்பட்டது. தப்புகளும் மாறி மாறி வந்தன. அதைப் பார்த்து பிரின்ஸி முதல்முறையாக, “இப்பத்தாங்க நீங்களா அடிக்கிறீங்க” என்றாள். தப்புக்குப் பாராட்டு வாங்கிய சந்தோஷத்தில் அவன் திருப்பிக்கொடுத்த சிரிப்பு கொஞ்சம் அசட்டுச் சிரிப்புதான். பிரின்ஸியும் சட்டென்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

பொங்கல் சமயத்தில் ஒரு நாள் கடைக்கு நாகம்மாள் என்று ஒரு அம்மா வந்தாள். அம்மாப்பேட்டைப் பக்கம். புருஷன் அரசப்பன் இறந்து பதினாறாம் நாள் வருகிறது, ஒரு பேனர் வேண்டும் என்றாள். சவரியப்பனின் வலது கை பழக்கத்தில் மவுஸை எடுத்து ஒரு பழைய கண்ணீர் அஞ்சலியைத் திறந்தது. ‘ஆற்றொணாத் துயரில்’ என்று படித்துக் காட்டினான்.

“அது எல்லாருக்கும் போடுறது தம்பி” என்றாள் நாகம்மாள். “அவரு அப்படியில்ல. முறைத் தண்ணி வந்தா அடுத்தவன் வயலுக்கு விட்டுட்டுதான் தன் மடையத் திறப்பாரு. நான் திட்டுவேன். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவாரு. கடைசி வரைக்கும் திருந்தவேயில்ல. அதைப் போட முடியுமா?”

சவரியப்பன் மவுஸைத் தள்ளிவைத்தான். அவள் பேசப் பேச அவன் அடித்தான். குனியவில்லை, எழுத்தைத் தேடவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தான். எதிரே ஒருத்தர் அழுதுகொண்டு பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிறதே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறான். ஒருத்தர் முகமும் அவனுக்கு நினைவில்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்த அம்மா போனதும் சுஹைப் பாய் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு முழுப் பத்தி. “என்னடா, மவுஸ் கெட்டுப்போச்சா?” என்றார்.

ஜனவரி கடைசி ஞாயிறு வந்தது. அதை விட்டால் ஓலை வாசிக்க ஞாயிறு போதாது. வழியெல்லாம் சம்பா அறுவடை. மிஷின்கள் வயலில் இறங்கியிருந்தன. பஸ் ஜன்னலில் வைக்கோல் தூசி பறந்தது. சவரியப்பன் அதையெல்லாம் பார்க்கவில்லை. ‘வரலேன்னா என்ன பண்றது’ என்று முன்சீட்டுக் கம்பியில் அடித்துக்கொண்டே போனான். அடித்து முடித்த பிறகுதான் என்ன அடித்தோம் என்று உறைத்தது. கையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

பயிலகத்தில் அன்றைக்கு வகுப்பே இல்லை. ஆனாலும் ஒரு நாற்காலி பாக்கியில்லாமல் ஆள் இருந்தது. வானதி சுவாமிமலையிலிருந்து தன் அத்தையை வேறு கூட்டிவந்திருந்தாள். கேக் பெட்டி தயாராக இருந்தது.

“திரையையும் பாக்கக் கூடாது” என்றாள் பிரின்ஸி. கீபோர்டு மட்டும் அவன் முன்னால் இருக்க, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

“அப்ப எதைங்க பாக்குறது?”

“என்னைப் பாருங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க.”

அவன் கையைப் பெட்டிக்குள் விட்டான். சுண்டு விரல் தானாக ‘அ’வில் உட்கார்ந்தது. பிரின்ஸி ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, தேர்வுக்குப் படித்துக்காட்டுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தாள்.

“பெறுநர், ஊராட்சித் தலைவர். பொருள், வாய்க்கால் தூர்வாருதல் தொடர்பாக. ஐயா. பார்வையில் காணும் கடிதத்தின்படி, கிளை வாய்க்காலில் மண்டியுள்ள ஆகாயத் தாமரையை அகற்றும் பொருட்டு...”

முதல் வரியில் அவன் விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. அதற்கப்புறம் ஓட ஆரம்பித்தது. வாய்க்கால், மதகு, தலைப்பு, கடைமடை எல்லாம் அவன் காது வழியாக வந்து விரல் வழியாக இறங்கிப் போயின. நடுவில் மனசு என்று ஒன்றுக்கு வேலையே இல்லை. வேலையில்லாத மனசு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாளைப் பிடித்திருக்கும் விரல்கள். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் லேசாகத் தூக்குகிற புருவம். இந்த முகத்தை நாளைக்குச் சிங்கப்பூரில் ஒருத்தன் பார்ப்பானோ என்று நினைத்தான். கை நிற்கவில்லை.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். குரல் மாறவில்லை.

“மேற்படி பணி நிறைவுற்றதும், கும்பகோணம் பிரின்ஸி என்பவர், தஞ்சாவூர் சவரியப்பன் என்பவரைத் திருமணம் செய்துகொள்ள முழுச் சம்மதம் தெரிவிக்கிறார் என்ற விவரம், தங்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. முற்றுப்புள்ளி.”

பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் ஓடி நின்றது. சவரியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“போட்டாச்சுங்க. அடுத்த வரி?”

வானதி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அத்தைக்கு மட்டும் அடக்கத் தெரியவில்லை. “அட ராமா, இந்தப் புள்ள அதையும் சேத்து அடிச்சுப்புட்டு உக்காந்திருக்கே” என்றாள்.

“எதைங்க?” என்று அவன் விழித்தான்.

பிரின்ஸி திரையைத் திருப்பினாள். சவரியப்பன் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தான். ஊராட்சித் தலைவர், ஆகாயத் தாமரை, மதகு. கடைசி வரிக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. படித்தான். எழுத்து எழுத்தாக மறுபடி படித்தான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவன் பெயர் அவ்வளவு சுத்தமாக இதற்கு முன் எங்கேயும் அச்சாகி அவன் பார்த்ததில்லை.

அறை முழுக்க அவன் வாயையே பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் பெட்டி விழுந்துவிடும் போலிருந்தது.

“ஏங்க” என்றான் கடைசியில். “கைதான் கேட்டுச்சு. நான் கேக்கலீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.”

பிரின்ஸி தாளைப் பார்த்தாள். தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. மேற்படியும் இல்லாமல், முற்றுப்புள்ளியும் இல்லாமல் அவள் அதைச் சொல்லவேண்டியிருந்தது. இத்தனை பேருக்கு வரி வரியாகப் படித்துக்காட்டிய குரல், ‘சம்மதம்’ என்கிற அந்த ஒரே வார்த்தையில் தடுக்கித் தடுக்கி வெளியே வந்தது.